தோட்டம்னா கிணறு: கொங்குப் பக்கம் வீட்டுக்காய் வந்த கதை

"மாடியில கொஞ்சம் காய்கறி போடலாம்னு இருக்கோம், எதுல இருந்து ஆரம்பிக்கிறதுங்க?" கடந்த சில வருடங்களில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. விவசாயம் என் தொழில் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் ஆசாமி. பழைய கெஜட்டியர், மாவட்டக் கையேடு என்று புரட்டுகிற பழக்கம் இருப்பதால் "இவனுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்" என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் எதிர்பார்ப்பது மூன்று பதில்கள்: எந்த விதை, எந்தப் பை, எந்த உரம். எனக்கு வேறு மாதிரிதான் யோசிக்க வருகிறது. யாரோ எழுதிய நிரலைக் கையில் எடுத்தால், இதற்கு முன்னால் யார் யார் தொட்டார்கள், எங்கே நின்றுபோனது என்று முதலில் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். வீட்டுக் காய்கறிக்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம்ம பழைய கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே நடந்தது. அதைப் படிக்கப் படிக்க, ஆரம்பிக்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விதையைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

காடு, தோட்டம், வயல்

சென்னைக்காரர் "தோட்டம்" என்றால் பூச்செடி நினைவுக்கு வரும். சோமனூர், கருமத்தம்பட்டி, அவிநாசிப் பக்கம் "தோட்டத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் அர்த்தமே வேறு. எங்க பக்கம் நிலத்துக்கு மூன்று பெயர். மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலம் காடு. ஆத்து வாய்க்கால் பாய்வது வயல். கிணறு வெட்டி இறைத்துப் பாய்ச்சுவது தோட்டம். ஒரே ஆளுக்கு ஒரே ஊரில் காடும் இருக்கும், தோட்டமும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கிணறு மட்டும்தான்.

இது பேச்சு வழக்கோடு நிற்கவில்லை. வருவாய்த்துறைக் கணக்கிலும் நஞ்செய், புஞ்செய் என்பதோடு தோட்டம் என்ற வகையும் இருந்தது. 1800-ம் ஆண்டு, திப்பு விழுந்த மறு வருடமே, பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் சுற்றி வந்து பயிர், கிணறு, குத்தகை எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1887-ல் வந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கிணற்றுப் பாசனத்துக்குப் பெரிய இடம் உண்டு. காரணம் சாதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் பெரிசு. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்துவிட்டுப் போய்விடும்.

அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர எருதுகள், தோல் பறி, வடக்கயிறு, விடிகாலையில் இருந்து கவலை ஓட்ட ஓர் ஆள் என்று எல்லாம் வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கோயம்புத்தூரிலேயே மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கவலை மெல்ல மெல்ல நின்றது. பிறகு அந்த மின்சாரத்துக்கு என்ன கட்டணம் என்பதே பெரிய அரசியலானது. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை நிறைத்த மாட்டு வண்டிப் போராட்டம் அதற்காகத்தான்.

அதாவது, நம்ம ஊர் மொழியில் "வீட்டுத் தோட்டம்" என்று சொன்னவுடனே "தண்ணி எங்கே?" என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பொடக்காளி

வீட்டுக்குக் காய் கொடுத்த இடத்துக்கு எங்க பக்கம் தனிப் பெயர்: பொடக்காளி. மற்ற ஊரில் கொல்லை, புழக்கடை என்பார்கள். குளிக்கிற இடம், பாத்திரம் கழுவுற கல், துணி துவைக்கிற கல் எல்லாம் அங்கேதான். அந்தத் தண்ணி ஓடுகிற சலதாரை ஓரமாக வாழை, சேம்பு. கொஞ்சம் தள்ளி முருங்கை, கறிவேப்பிலை. வேலியில் பீர்க்கு, பிரண்டை, தூதுவளை. சின்னப் பந்தலில் அவரை அல்லது புடலை. கூரை மேல் சுரைக்கொடி.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் செடிகளின் இடம். தண்ணி அதிகம் கேட்கும் வாழையும் சேம்பும் சலதாரையில். கேட்காத முருங்கையும் பிரண்டையும் தள்ளி. யாரும் உட்கார்ந்து வரைபடம் போடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட தண்ணி எங்கே போகிறதோ அங்கே செடி நின்றது. பொடக்காளிக்கு என்று தனியாகக் கிணற்றில் இறைக்கும் வழக்கம் குறைவு.

விதையும் அப்படித்தான். சுரை, பூசணி விதைகளைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பது, முற்றிய பீர்க்கை அப்படியே கொடியோடு காயவிட்டு எடுப்பது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவது. ஆடிப்பட்டம் வந்தால் எடுத்து ஊன்றுவார்கள்.

இங்கே ரெண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, "அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் காய் இருந்தது" என்பது உண்மை இல்லை. சொந்தமாகப் பொடக்காளி வேண்டுமென்றால் சொந்தமாக இடம் வேண்டும். பண்ணையத்துக்குப் போன கூலிக் குடும்பங்கள் பலருக்குக் குடியிருந்த குடிசையைச் சுற்றி ஒரு முழம்கூடச் சொந்தமில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணி எடுக்கவே சாதி பார்த்த காலம் அது. ரெண்டாவது, அந்தச் செடிகளைப் பார்த்துக்கொண்டது பெண்கள். சமையல், குழந்தை, நூல் சுற்றுவது எல்லாவற்றுக்கும் நடுவில் செய்த வேலை என்பதால் அதை யாரும் வேலையாகக் கணக்கில் எழுதவில்லை.

இன்னொன்று: அந்தப் பொடக்காளியில் இருந்த எல்லாமே "நாட்டுக்காய்" என்று அடித்துச் சொல்ல முடியாது. கத்திரியும் பீர்க்கும் இந்தியாவுக்கே உரியவை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் வந்து நம்ம குழம்பில் குடியேறிவிட்டது. ஆகவே வந்த காய், இருந்த காய் என்று சண்டை போடுவது என் நோக்கமில்லை. எந்தக் காய் எந்தத் தண்ணியில், எந்த வெயிலில் வந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

கலெக்டர் போட்ட காய்

இப்போது அதே ஜில்லாவின் மேல்பக்கம் போவோம். அன்றைக்கு நீலகிரி மலையும் கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1815-ல் இருந்து 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன். 1819 ஜனவரியில் மலை ஏறினார். 1822-ல் உதகையில் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்தார். இன்றைக்கு அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அந்த நிலம் அதற்கு முன்பு தோடர்கள் எருமை மேய்த்த நிலம். தோடர்களுக்கு அந்த மலை மேல் உரிமை உண்டு என்று அரசாங்கத்துக்குள்ளே வாதாடியவரும் இதே சல்லிவன்தான். ஆனால் அவர் போட்ட வழியில்தான் எல்லோரும் மேலே வந்தார்கள்.

சல்லிவனுக்குத் தோட்டப் பைத்தியம் உண்டு. உருளைக்கிழங்கு, கோஸ் மாதிரி ஐரோப்பியக் காய்கறிகள், பழ மரங்கள் எல்லாம் அவர் ஊக்கத்தால் மலையில் பயிரானவை. அதோடு 1823 முதல் 1825 வரை ஓடையை மறித்துத் தண்ணீர் தேக்கினார். இன்றைக்கு நாம் படகு விடும் ஊட்டி ஏரி அதுதான். மலையில் காய்கறி என்று யோசித்த ஆள் தண்ணியைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

பிறகு படகர்கள் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு மலைச்சரிவெங்கும் பயிர் செய்தார்கள். கேரட், பீட்ரூட், கோஸ், பீன்ஸ் எல்லாம் அந்தச் சரிவுகளிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது. எங்க ஊர்ச் சந்தையில் இன்றைக்கும் "ஊட்டிக்காய்" என்று தனியாகத்தான் சொல்வோம்.

மூணு ரூபாய் சந்தா

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகாதவர் இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். அது முதலில் ஒரு காய்கறித் தோட்டமாக ஆரம்பித்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

1840-களின் நடுவில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாதம் ஆளுக்கு மூன்று ரூபாய் சந்தா. அந்தப் பணத்தில் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம். சந்தா கட்டியவர்களுக்கு அதிலிருந்து காய். இன்றைக்கு "வாரா வாரம் வீட்டுக்கே ஆர்கானிக் காய்" என்று விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை.

அது நீடிக்கவில்லை. 1847-ல் அந்த யோசனை பெரிதாகிப் பொதுத் தோட்டம், தோட்டக்கலைச் சங்கம் என்று மாறியது. சென்னை கவர்னராக இருந்த டுவீடேல் பிரபு ஆதரவு கொடுத்தார். 1848-ல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் மேல்பக்கம் காடு, கீழ்ப்பக்கம் சதுப்பு. அதைச் சீர்செய்து, வடிகால் எடுத்து, பாத்தி கட்ட அவருக்குச் சுமார் 10 வருடங்கள் பிடித்தன. காய்கறி பின்னால் போய், உலகத்து மரம், பூ, புல்வெளி எல்லாம் முன்னால் வந்தன. பின்னாளில் மலேரியா மருந்துக்கான சின்கோனா பயிரையும் நீலகிரியில் நடத்தியவர் இதே மெக்ஐவர்.

இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பணம் இருந்தது, ஆர்வம் இருந்தது, குளிர்ந்த மலை இருந்தது, வடிக்க வேண்டிய அளவுக்குத் தண்ணியும் இருந்தது. ஆனால் சந்தா கட்டுகிறவர் தோட்டக்காரர் இல்லை, காய் வாங்குகிறவர். நிலைத்து நின்ற தோட்டம் வந்தது, முழுநேரமாக ஒரு தேர்ந்த ஆளும் அவருக்குக் கீழே கூலியாட்களும் அரசாங்கப் பணமும் சேர்ந்த பிறகு. அந்தக் கூலியாட்களின் பெயர் பூங்காவில் எந்தப் பலகையிலும் இல்லை.

அதே சமயம் இங்கிலாந்தில்

ஊட்டியில் சந்தா வசூலித்த அதே காலத்தில், அவர்கள் விட்டு வந்த நாட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்களைப் பண்ணையார்கள் வேலி போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடமிழந்த கூலிகள் வீட்டுக்குக் காய் போடக்கூட நிலமில்லாமல் நின்றார்கள். 1845-ல் வந்த பொது வேலியடைப்புச் சட்டம், இப்படி வேலி போடும்போது கூலித் தொழிலாளிகள் காய்கறி போடக் கொஞ்சம் நிலம் ஒதுக்கலாம் என்றது. ஏட்டில் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த 25 வருடங்களில் சுமார் 6 லட்சம் ஏக்கருக்கு மேல் வேலி போடப்பட்டபோது இப்படி ஒதுக்கியது 2,200 ஏக்கர் அளவுதான்.

விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1887-ல் ஒரு சட்டம். 1908-ல் வந்த சட்டம், கேட்கிறவர்களுக்குக் காய்கறித் துண்டு நிலம் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்று வைத்தது. குறைந்த வாடகை. வழக்கமான ஒரு துண்டின் அளவு 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஆறேகால் சென்ட். சோமனூரில் ஆறேகால் சென்ட் என்றால் ரெண்டு மூணு வீட்டு மனை! இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்தபோது அந்த நாட்டில் இப்படிப்பட்ட துண்டுகள் 14 லட்சம் வரை இருந்தன. சாப்பாட்டுத் தட்டில் காய் இருந்ததற்கு அவையும் ஒரு காரணம்.

அங்கே ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து போய் மண்வெட்டி பிடிக்க ஒரு துண்டு நிலமும், நிலத்தோடு தண்ணிக்கு ஏற்பாடும், "என்னை நாளைக்கே காலி செய்ய மாட்டார்கள்" என்ற உறுதியும் ஓரளவு இருந்தது. வீட்டில் வளர்க்கிற காய் தனிமனித ஆர்வம் என்பதோடு நிற்காமல், உள்ளாட்சியின் வேலையாகவும் ஆனது.

போர், பஞ்சம், அமைச்சர் வீட்டுப் புல்தரை

நம்ம பக்கம் அரசாங்கம் "நீங்களும் விளைவியுங்கள்" என்று மக்களிடம் சொல்ல ஆரம்பித்தது 1942-ல். பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அடுத்த வருடமே வங்காளப் பஞ்சம். "அதிக உணவு விளைவிப்போம்" இயக்கம் அப்போது தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. கிணறு தோண்டக் கடன், விதை, உரம் என்று பணம் செலவானது.

அதன் பலன் என்ன என்று பார்க்க அமைத்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு 1952-ல் அறிக்கை கொடுத்தது. தனித்தனித் திட்டமாக, தனித்தனி மானியமாகக் கொடுப்பது போதாது, கிராம வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் நிரந்தரமான ஓர் அமைப்பு ஊர் மட்டத்தில் வேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்துதான் ஊருக்கு ஊர் விரிவாக்கப் பணியாளர்கள் வந்தார்கள்.

1960-களின் நடுவில் மறுபடியும் தட்டுப்பாடு. அப்போது மத்திய உணவு அமைச்சர் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகக் கோதுமையை யாரும் நம்பாதபோது, டெல்லியில் தன் அரசு வீட்டுப் புல்தரையை உழுது அதிலேயே கோதுமை விதைத்துக் காட்டினார். 1966-ல் 18,000 டன் விதை இறக்குமதியானது. அந்த ரகம் நாடு முழுக்கப் போனது வேறு பெரிய கதை. அந்தக் கோதுமையும் தண்ணியும் உரமும் உறுதியாகக் கிடைத்த இடத்தில்தான் விளைந்தது. பஞ்சாப் முந்தியதற்கு வாய்க்காலும் ஆழ்துளைக் கிணறும் முக்கியக் காரணங்கள்.

விதைப் பாக்கெட்டில் இருக்கிற கோயம்புத்தூர்

விதைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோ 1, கோ 2 என்று எழுதியிருக்கும். அந்தக் "கோ" கோயம்புத்தூர். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளியைக் கோவைக்கு மாற்றியது 1906-ல். 1971-ல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. பீர்க்கு, புடலை, பாகல், கத்திரி என்று நம்ம பொடக்காளிக் காய்களிலேயே தேர்வு செய்து வெளியிட்ட ரகங்கள் இவை. பி.கே.எம். என்றிருந்தால் பெரியகுளம். குச்சி நட்டு வருடக்கணக்கில் காத்திருந்த முருங்கையை விதை போட்டுச் சீக்கிரம் காய்க்கிற பயிராக மாற்றிய பி.கே.எம். 1 அங்கிருந்து வந்தது. அர்கா என்றிருந்தால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இது உபயோகமான தகவல். சமவெளி வெயிலுக்கு என்றே தேர்ந்தெடுத்த விதை உள்ளூரிலேயே கிடைக்கும்போது, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக் காயான கேரட்டையும் காலிஃபிளவரையும் சித்திரை மாசம் சோமனூர் மொட்டை மாடியில் போட்டுவிட்டு வருத்தப்பட வேண்டியதில்லை. மார்கழி, தை பனியில் சின்ன அளவில் முயற்சி செய்யலாம். முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து.

பை வந்த வருடம்

2013-14-ல் தமிழக அரசு சென்னை, கோயம்புத்தூர் ரெண்டு நகரங்களிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. பாலித்தீன் பை, தென்னை நார்க் கழிவு, விதை, நுண்ணுயிர் உரம். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. நல்ல திட்டம். மண்ணே இல்லாத வீட்டிலும் காய் வளர்க்கலாம் என்று லட்சக்கணக்கான பேருக்குக் காட்டியது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொடக்காளி மண்ணில் நின்ற பீர்க்கு, வேரைக் கீழே விட்டு ரெண்டு நாள் தண்ணி இல்லாமலும் சமாளிக்கும். மொட்டை மாடிப் பையில் நிற்கும் செடிக்குக் கீழே சுடுகிற சிமெண்ட் தளம். ஒரு நாள் விட்டால் வாடும், ரெண்டு நாள் விட்டால் போச்சு. பை இடப் பிரச்சினையைத் தீர்த்தது. தண்ணிப் பிரச்சினையையும் ஆள் பிரச்சினையையும் தினசரி வேலையாக மாற்றி மாடிக்குத் தூக்கி வைத்தது. எந்தத் தெருவிலும் நிமிர்ந்து பார்த்தால் மாடிச் சுவர் ஓரம் நாலு கிழிந்த பை தெரியும். அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

சோமனூர் கணக்கு

எங்க ஊர் விசைத்தறி ஊர். கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது, தறி போட இடம் எங்கே கிடைத்தது? நிறைய வீடுகளில் பொடக்காளிதான் தறிக்குடோன் ஆனது. நாலு தறி ஓடினால் குடும்பம் ஓடும். அங்கே நின்ற முருங்கையையும் பந்தலையும் எடுத்தது தப்பென்று யார் சொல்ல முடியும்? கூலி நெசவு, 12 மணி நேர ஷிப்ட். வீட்டில் ஆணும் பெண்ணும் மாறி மாறித் தறி பார்க்கிறார்கள். லைன் வீடுகளில் ஒரிசா, பீகார் குடும்பங்கள். அவர்களுக்கு மொட்டை மாடியும் இல்லை.

தண்ணி ரெண்டு வகை. குழாயில் முறை வைத்து வரும் நல்ல தண்ணி. போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியைப் பையில் தொடர்ந்து ஊற்றினால் உப்பு மேலே பூத்துக்கொள்ளும், இலை ஓரம் கருகும். நல்ல தண்ணியைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் சண்டை வரும்!

என் தொழில் புத்திப்படி எங்க வீட்டிலேயே அளந்து பார்த்தேன். கோடையில் ஒரு பைக்கு நாளைக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஆசைப்படும் 20 பைக்கு 40 லிட்டர். அரிசி, காய்கறி கழுவுவது, பாத்திரத்தை சோப்புப் போடும் முன் முதல் அலசல் அலசுவது எல்லாம் வாளியில் பிடித்தால் எங்க நாலு பேர் வீட்டில் 12 லிட்டர் வந்தது. ஆக, எந்தச் சண்டையும் இல்லாமல் எங்க வீடு தாங்குவது 6 பை. ஆறு பையில் ரெண்டு கத்திரி, ஒரு வெண்டை, ஒரு மிளகாய், ஒரு அவரை, ஒரு கீரை. சோப்புத் தண்ணிக்கு வாழையோ சேம்போ தரையில் இடமிருந்தால் வைக்கலாம்.

மழையையும் சேர்த்தால் கணக்கு மாறும். 1,000 சதுர அடி மாடியில் வருடத்துக்கு 650 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 60,000 லிட்டர். 20 பைக்கு வருடம் முழுக்க 14,600 லிட்டர் போதும். அதாவது நாலு மடங்கு தண்ணி நம்ம தலைக்கு மேலேயே விழுகிறது. சேர்த்து வைக்கத்தான் இடமில்லை. 2,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தால் 20 பைக்கு 50 நாள் ஓடும். 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் பல வீட்டில் சும்மா நிற்கிறது. அதன் கீழே ஒரு தொட்டி வைப்பது, இன்னும் பத்துப் பை வாங்குவதைவிட நல்ல செலவு.

ஆகவே "எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: ஒரு வாரம் ஒரு வாளியை அடுக்களையில் வையுங்கள். அது எத்தனை செடியைத் தாங்குகிறதோ அத்தனை செடி. யார் எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். அந்த வேலை தானாகவே வீட்டுப் பெண் தலையில் விழுந்தால், பொடக்காளி காலத்தில் எழுதாமல் விட்ட அதே கணக்குத்தான் மாடியிலும் ஓடும்.

ரிசர்வ் சைட்

மாடி இருக்கிறவர்களுக்கு இது போதும். இல்லாதவர்களுக்கு?

புதிதாக மனை பிரிக்கும்போது 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளுக்கு இது கட்டாயம். கோயம்புத்தூர்ப் பக்கம் ரிசர்வ் சைட் என்போம். சிலது பூங்கா ஆகும். சிலதில் கோவில் வரும். நிறைய இடங்களில் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது.

அதில் அரை சென்ட், அரை சென்டாகப் பாத்தி பிரித்து, வருடத்துக்குச் சிறு வாடகைக்கு, லைன் வீட்டுக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் என்ன? ஆறேகால் சென்ட் வேண்டாம், அரை சென்டிலேயே ஒரு குடும்பத்துக்குக் கீரையும் கத்திரியும் வரும். ஆனால் ஒதுக்கியவுடன் முதலில் செய்ய வேண்டியது வேலியும் பெயர்ப்பலகையும் இல்லை, தண்ணித் தொட்டி. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. பவானியின் உபரித் தண்ணி 1,045 குளம் குட்டைகளுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். குளத்தில் தண்ணி நின்றால் சுற்றுப்புறக் கிணறு ஊறும். ஊறுகிற கிணறு ஒன்றில் காய்கறிப் பாத்திக்கும் ஒரு குழாய் என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்கலாம். இங்கிலாந்தில் 1845-ல் ஆரம்பித்த கோரிக்கை 1908-ல்தான் உருப்படியான சட்டமானது. நமக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்க ஊர் ரிசர்வ் சைட் எத்தனை சென்ட், அதில் இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.